மைனியின் கை போகிற இடம்

அந்த டிராக்டரில் டீசல் பில்டர் வைத்திருந்த இடத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சுனாமி வந்துபோன மறுவருஷம் அண்ணாச்சி வாங்கிய குட்டி வண்டி அது. எங்கள் பக்கத்து வயல்கள் பெரிய டிராக்டர் இறங்கினால் திரும்ப முடியாத அளவுக்குத்தான் இருக்கும். ஆகவே குட்டி வண்டி வந்தது நல்ல காரியம்தான். ஆனால் எல்லாவற்றையும் அந்தச் சின்ன உடம்புக்குள் திணிக்க வேண்டுமென்று, பில்டரைக் கொண்டுபோய் எஞ்சினுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில், ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கீழே, ஹைட்ராலிக் குழாய்க்குப் பின்னால் செருகி வைத்திருந்தான் கம்பெனிக்காரன். வைத்தவன் ஒருநாளாவது தன் கையை அதற்குள் விட்டுப் பார்த்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டான். முறைப்படி மாற்ற வேண்டுமானால் மோட்டாரைக் கழற்ற வேண்டும், குழாயைக் கழற்ற வேண்டும், அரைநாள் போய்விடும். வயலில் தண்ணீர் நிற்கும்போது யாருக்கு அரைநாள் இருக்கிறது?

நான் அந்த வண்டிக்கு டிரைவர். அண்ணாச்சி அதன் சொந்தக்காரர், ஊரார் வயல்களை வாடகைக்கு உழுது கொடுப்பார்; உழச் சொல்லி வருகிறவரைப் பார்ட்டி என்போம். நான் சொல்லவந்த மைனி, அண்ணாச்சியின் தம்பி மனைவி. தம்பிக்காரர் எனக்கு அண்ணன் முறை, அதனால் அவள் மைனி. அவர் திருவனந்தபுரத்துப் பக்கம் கட்டட வேலைக்குப் போய்விட்டு மாதத்துக்கு ஒருதரம் தலைகாட்டுவார். மைனியும் அவளுடைய சின்ன மகளும் அண்ணாச்சி வீட்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டில் இருந்தார்கள்.

முதல் தடவை பில்டர் அடைத்தபோது பக்கத்து ஊரான அஞ்சுகிராமத்திலிருந்து மெக்கானிக் வந்து, எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு, சாயங்காலம்வரை வண்டியின் கீழே கிடந்து எழுந்து போனார். இரண்டாம் தடவை நடுவயலில் நின்றுபோனது. நானும் அண்ணாச்சியும் மாறி மாறிக் கையை விட்டுப் பார்த்தோம். என் கை மணிக்கட்டோடு நின்றது. அண்ணாச்சி கை விரலோடு நின்றது. புறங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம். மைனி எங்களுக்குக் கட்டன்சாயா கொண்டுவந்தவள், தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வளையலை மேலே ஏற்றிவிட்டு, கையை உள்ளே விட்டாள். முழங்கைவரை போயிற்று.

"என்ன தட்டுப்படுது மைனி?" என்று கேட்டேன்.

"கிண்ணம்போல ஒண்ணு. அதுக்க கீழ ஒரு வளையம்."

"அந்த வளையத்தத்தான் திருப்பணும். அதுக்க மேல சின்னதா ஒரு காக்கு இருக்கும், டீசல் வாறது. மொதல்ல அத அடைங்க."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கை உள்ளே வேலைசெய்யும்போது அவள் வண்டியைப் பார்க்கவே மாட்டாள். தூரத்தில் எங்கேயாவது, தென்னை மண்டையையோ மின்கம்பியில் இருக்கிற குருவியையோ பார்த்துக்கொண்டிருப்பாள். கிண்ணம் வெளியே வந்தது, பழைய பில்டர் கறுத்துச் சொதசொதவென்று வந்தது, புதியது உள்ளே போயிற்று. காக்கு என்கிற அந்த டீசல் அடைப்பானைத் திறந்தாள். குழாயில் நிற்கிற காற்றை வெளியேற்றுவது மட்டும் என் வேலை. அதை ஏர் எடுப்பது என்போம். அதற்கான திருகை நல்லவேளையாக வெளியில் வைத்திருந்தான். வண்டி கிளம்பியது. அண்ணாச்சி சிரித்தார். அன்றோடு மெக்கானிக்கை விட்டுவிட்டோம்.

அதன்பின் எப்போது அடைத்தாலும் மைனிதான். அடிக்கடி அடைக்கவும் செய்தது. அண்ணாச்சி டீசலை வாங்கித் துருப்பிடித்த இரும்புப் பீப்பாயில் வைத்திருந்தார். பீப்பாயை மாற்றுங்கள் என்று சொன்னால், "பீப்பாயி நல்லாத்தாம்லே இருக்கு, உனக்க ஓட்டுதான் செரியில்ல" என்பார். அவரிடம் யார் வாய் கொடுப்பது?

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தம்பி மனைவியிடம் அண்ணன் நேருக்கு நேர் பேசமாட்டார். அவளும் அவரிடம் பேசமாட்டாள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் பேச்சு என் வழியாகத்தான் போகும்.

"ஏலே, கைய விடச் சொல்லு. பார்ட்டி காத்துக் கெடக்கான்."

"சூடு ஆறட்டும்னு சொல்லு மக்கா."

"சூடெல்லாம் ஆறியாச்சுன்னு சொல்லுலே."

நான் என்னத்தைச் சொல்ல? இரண்டு பேருக்கும் காது கேட்கும். ஆனாலும் ஒருதரம் தலையை இந்தப் பக்கமும் ஒருதரம் அந்தப் பக்கமும் திருப்பி ஒப்புக்கு நிற்பேன். ஒருநாள் சூடு ஆறாமலேயே கையை விட்டு, முழங்கைக்கு உட்புறம் எஞ்சினில் பட்டுத் தோல் பொசுங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பில்டரை மாட்டி முடித்துவிட்டுத்தான் கையை எடுத்தாள். "ஐயோ மைனி, சொல்லப்படாதா?" என்றேன். "கெடக்கட்டும் மக்கா" என்றாள்.

கெடக்கட்டும். அவள் வாயில் நான் அதிகம் கேட்ட சொல் அதுதான். அவளுக்கு எதையும் கேட்டு வாங்கத் தெரியாது. வாய் வராது, அவ்வளவுதான். ஒருமுறை பல்வலியில் கன்னம் பன் மாதிரி வீங்கி டவுனில் டாக்டரைப் பார்க்கப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தாள், வீக்கம் அப்படியே இருந்தது. என்ன ஆச்சு என்றால், பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்ல இடத்தை விட்டுக்கொடுத்தாளாம். பிறகு இன்னொருவருக்கு. பிறகு டாக்டர் சாப்பிடப் போய்விட்டாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அவளையே வைய வேண்டும்போல இருந்தது. "நீங்க என்ன மனுஷியா மரமா மைனி?" என்று கேட்டே விட்டேன். வீங்கின கன்னத்தோடு சிரித்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் நான் என்ன செய்வது?

அண்ணாச்சியின் மூத்த மகள் கல்யாணத்திலும் அப்படித்தான். மூன்று நாள் அடுப்படியே கதி என்று கிடந்தவள் கடைசிப் பந்திக்கும் கடைசியில் உட்கார்ந்தாள். அடைப்பிரதமன் பாயசம் தீர்ந்துபோயிருந்தது. உருளியின் அடியைச் சுரண்டி மகளுக்குக் கொடுத்துவிட்டு ரசமும் சோறுமாகத் தின்று எழுந்தாள். யாராவது பார்த்தார்களா என்றால் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லாததால் எல்லாருக்கும் அது சரியாகவே பட்டது.

சங்கடமான விஷயம் என்னவென்றால், மைனியின் அந்தச் சின்ன மகள், தாய் வலதுகையால் ஊட்டினால் வாயைத் திறக்காது. "டீசல் நாறுதும்மா" என்று முகத்தைத் திருப்பும். சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள், எலுமிச்சங்காய் மூடியால் தேய்ப்பாள், எங்கே போகிறது அந்த நாற்றம்! உழவுக்காலம் முடியும்வரை பிள்ளைக்கு இடதுகையில் கரண்டியைப் பிடித்து ஊட்டுவாள். அதை நான் ஒருநாள் பின்வாசல் வழியாகப் பார்த்தேன். வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அவளுக்கென்று ஒரு வயல் இருந்தது. பாகம் பிரித்தபோது தம்பிக்கு வந்தது, கால்வாயின் கடைக்கோடியில், கோயில் தோப்பை ஒட்டி ஒரு துண்டு. நாங்களே பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்குக் கடைசிக்காரர்கள். மேற்கே எல்லாரும் பாய்ச்சி முடித்து மிச்சம் வந்தால்தான் எங்களுக்கு. அதிலும் அவள் வயல் கடைசி. அந்தத் துண்டு விளைந்தால் வருஷம் முழுக்க அவள் வீட்டில் சொந்த அரிசி பொங்கும். விளையாவிட்டால் ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அண்ணாச்சி கொடுக்காமல் இருக்கமாட்டார், மோசமான மனிதர் இல்லை. ஆனால் நெல் வேண்டும் என்று இவள் கேட்க வேண்டுமே! அதைவிடப் பட்டினி கிடப்பது அவளுக்குச் சுலபம். கிடந்துமிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

வீட்டிலேயே டிராக்டர் நிற்கிறது, அவள் கையால்தான் அது ஓடவும் செய்கிறது. பிறகு வயலை உழுவதற்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம். தண்ணீர் வந்ததும் அண்ணாச்சி வரிசை சொல்வார். இன்னாருக்குத் தொளி அடி, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழு, அப்புறம் இன்னாருக்கு, அப்புறம் இன்னாருக்கு. மைனி வயலைப் பற்றி நான் நினைவூட்டினால் அவர் சொல்கிற பதில் ஒன்றுதான். "அது நம்ம வயலுதானலே. வெளியாளு ஏச மாட்டானா? நம்ம வயல எப்பம் வேணும்னாலும் அடிக்கலாம்."

எப்பம் வேணும்னாலும் என்பது கடைசியில் ஒருபோதும் வராது. ஒரு வருஷம் நாற்று முற்றிப்போய் நட்டு, பாதி பதராகப் போனது. இன்னொரு வருஷம் தொளி அடிக்குமுன் மடையை அடைத்துவிட்டார்கள், வயல் தரிசாகக் கிடந்து மாடு மேய்ந்தது. அந்த இரண்டு வருஷமும் அவள் பில்டர் மாற்றிக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு மழை பொய்த்த அந்தக் கன்னிப்பூ வந்தது. கன்னிப்பூ என்பது எங்களுக்கு முதல் போகம். அணையில் தண்ணீர் குறைவு, முறைவைத்துத்தான் விட்டார்கள். எங்கள் முறை மறுநாள் காலையோடு முடிகிறது, அதற்குப்பின் எப்போது வருமென்று ஒருவருக்கும் தெரியாது. மைனியின் நாற்றங்காலில் நாற்று முற்றி நுனி பழுக்கத் தொடங்கியிருந்தது. அன்று காலையில் அண்ணாச்சி சொன்ன வரிசையிலும் அவள் வயல் கடைசிதான். முதல் பார்ட்டியின் வயலுக்கு வண்டியைக் கொண்டுபோகும்போது, கால்வாய்க் கரையில் இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி நின்றது. பின்னால் சேறடிக்கிற ரோட்டவேட்டர் தரையில் இறங்காமல் தூக்கியபடியே நின்றது ஒன்றுதான் நல்லது, வண்டியைத் தள்ளவாவது முடியும்.

"சவத்து வண்டி! போயி அவளக் கூட்டிட்டு வாலே" என்றார் அண்ணாச்சி.

மைனி நாற்றங்காலில்தான் நின்றாள். சேற்றுக் காலோடு வந்தாள். வளையலை ஏற்றிவிட்டுக் கையை விட்டாள். பழையது வந்தது, புதியது போயிற்று. கையை உருவிப் புல்லில் துடைத்தாள். பார்ட்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நான் திருகைத் தளர்த்தி ஏர் எடுத்தேன். கையால் பம்ப் அடித்தேன், அடித்தேன், ஒரு பொட்டு டீசல் வரவில்லை.

"மைனி, காக்கு தொறந்தியளா?"

"இல்ல மக்கா."

"தொறங்க மைனி, நேரமாவுது."

"தொறக்க மாட்டேன். வண்டி மொதல்ல எனக்க வயலுக்கு வரணும்னு சொல்லு."

நான் யாரிடம் சொல்ல? அண்ணாச்சி காதிலும் அது விழுந்துதான் இருந்தது. அவர் முகம் கறுத்தது. "அடிக்கலாம், இவருக்கு முடிச்சிட்டு அடிக்கலாம்னு சொல்லுலே. மொதல்ல தொறக்கச் சொல்லு" என்றார்.

"முடிச்சிட்டுன்னா வராது மக்கா. வண்டியத் தள்ளி எனக்க வயலு வாசல்ல கொண்டு நிறுத்தட்டும். அங்க வந்து தொறக்கேன்."

அண்ணாச்சி பட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "ஏட்டி! என்ன நெனச்சிட்டு நிக்க நீ?"

அவர் அவளிடம் நேரே பேசி நான் கேட்டது அதுதான் முதல்முறை. பார்ட்டிகூட நடையை நிறுத்திவிட்டார். மைனி வழக்கம்போலத் தூரத்துத் தென்னையைத்தான் பார்த்தாள். ஆனால் பேசினாள்.

"அத்தான், நாளைக்குக் காலத்த வெள்ளத்த அடைச்சிருவாவ. நாத்து பழுத்தாச்சு. இந்தப் பூவும் போச்சுன்னா நான் பொட்டியக் கொண்டு உங்க வாசல்ல வந்து நிக்கணும். எனக்கு அது முடியாது அத்தான். கேக்கதுக்கு எனக்கு வாய் வராது. கைதான் இருக்கு, அதான்."

அவ்வளவும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். டீசல் பிசுக்குக் கையை முந்தானையில் சுருட்டிக்கொண்டாள். அண்ணாச்சி வண்டியைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். வேறு வழியும் இல்லை. அந்தக் காக்கைத் திறக்க வேறொரு கை ஊரிலேயே கிடையாது, மெக்கானிக்கைக் கூப்பிட்டால் அன்றைய பொழுது போய்விடும். "தள்ளுங்கலே" என்றார். நான், பார்ட்டி, வயலுக்கு வந்த ஆட்கள், கடைசியில் அண்ணாச்சி, எல்லாருமாகக் கால்வாய்க் கரையோடு வண்டியைத் தள்ளினோம். என் நடுமுதுகு அன்றைக்குப் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. மைனி பின்னால் நடந்து வந்தாள். வயல் வாசலில் கையை விட்டுத் திறந்தாள்.

வேடிக்கை என்னவென்றால் அது சின்னத் துண்டு, பார்ட்டி ஒரு பீடியும் அடுத்த பீடியும் பிடித்து முடிக்குமுன் தொளி அடித்தாகிவிட்டது. அன்றைக்கே மற்றவர்களுக்கும் அடித்தோம். யாருக்கும் ஒன்றும் குறையவில்லை. அந்தப் பூவில் அவளுக்கு நன்றாக விளைந்தது. தின்றதுபோக விற்கவும் மிஞ்சியது.

ஆனால் அண்ணாச்சிக்கு அது உள்ளே கிடந்து அறுத்தது. தம்பிக்காரர் போனில் அவளைக் கண்டபடி ஏசினார். ஊரில், டிராக்டரை மறித்தவள் என்று பேராகிவிட்டது. அடுத்த வாரமே அண்ணாச்சி வண்டியை அஞ்சுகிராமத்துக்கு விடச் சொன்னார். பட்டறைக்காரன் பில்டரைக் கழற்றி, முன்பக்கம் ஒரு பட்டை அடித்து மாட்டி, ரப்பர் குழாயை நீளமாக இழுத்துவிட்டான். காக்கும் அங்கேயே, கண்ணுக்கு முன்னால். "இனி எவளுக்க தயவும் வேண்டாம்லே" என்றார் அண்ணாச்சி. எனக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, வருத்தப்படவும் தெரியவில்லை.

மைனி புல்லுக்கட்டோடு வீட்டுக்குப் போகும் வழியில் கொட்டகையில் அதைப் பார்த்தாள். கட்டை இறக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"இதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு மக்கா?"

"கழட்டுனதுதான் பாடு. மாட்டதுக்கு, நான் ஒரு சாயா குடிச்சிட்டு வாறதுக்குள்ள மாட்டிட்டான் மைனி."

அவள் தன் முழங்கையில் பழைய சூட்டுத் தழும்பைத் தடவிக்கொண்டாள். பிறகு, "அப்பம் இத மொதல்லயே செய்திருக்கலாம், இல்லியா?" என்றாள்.

"செய்திருக்கலாம் மைனி."

"எனக்க கை சும்மா கெடைச்சுதுல்லா" என்றாள். கோபம் ஒன்றும் இல்லை. ரொம்பத் தூரம் நடந்து வந்தவள் மாதிரி இருந்தது அந்தக் குரல். புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துவிட்டேன், போய்விட்டாள்.

அடுத்த போகமான கும்பப்பூவுக்குத் தண்ணீர் வந்தது. அண்ணாச்சி வரிசை சொன்னார். மைனியின் வயல் பழையபடி கடைசியில். நான் நினைவூட்டவில்லை, சலித்துவிட்டது. முதல் வயலுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கால்வாய்க் கரையில் போகும்போது எதிரே இன்னொரு டிராக்டர் வந்தது. எவனோ முகம் தெரியாத டிரைவர். அதற்கு முன்னால் மைனி நடந்து வந்தாள். மிஞ்சின நெல்லை விற்ற காசில் வாடகை பேசியிருக்கிறாள்.

"மைனி, நம்ம வண்டி நிக்கும்போது வெளி வண்டியா? அண்ணாச்சி குதிப்பாரே!" என்றேன்.

"குதிக்கட்டும். நீ கோவிச்சுக்கிடாத மக்கா" என்றாள். "இவன் எனக்கு யாருமில்ல. அதான் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கான்."

நான் வண்டியை ஓரமாக ஒதுக்கி அவனுக்கு வழி விட்டேன்.